ஒரே வழக்கில் நாற்பது லட்சம் கடைகள்: குழு வழக்கை நீதிமன்றம் எப்போது ஏற்கிறது, எப்போது கலைக்கிறது?

வாடிக்கையாளர் ஆயிரம் ரூபாய்க்கு மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டு கிரெடிட் கார்டை நீட்டுகிறார். மெஷினில் தேய்த்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்து அனுப்புகிறோம். சரக்கு ஆயிரம் ரூபாய்க்குப் போய்விட்டது. ஆனால் வங்கிக் கணக்கைப் பார்த்தால் முழு ஆயிரம் வந்து சேர்ந்திருக்காது. நடுவில் ஒரு தொகை கட்டணமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். ஒரு சீட்டுக்குச் சில ரூபாய்தான். ஆண்டுக் கணக்கை முடிக்கும்போதுதான் அது எத்தனை மூட்டை அரிசியின் லாபம் என்பது தெரிய வரும்.

அந்தக் கட்டணம் நியாயமற்றது என்று ஒரு கடைக்காரர் கருதினால் என்ன செய்ய முடியும்? வழக்குப் போடலாம். ஆனால் ஆண்டு முழுவதும் பிடித்த தொகை நாலு வாய்தா செலவுக்குக் காணாது. எதிரே நிற்கும் நிறுவனமோ நாட்டின் பெரிய வக்கீல்களையெல்லாம் வைத்துக்கொள்ளும். ஆகவே கடைக்காரர் பேசாமல் இருந்துவிடுகிறார். அவரைப் போலவே லட்சம் பேரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் சட்டத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரே விதமாகப் பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் சிலர் மட்டும் முன்னின்று வழக்கை நடத்தலாம். ‘கிளாஸ் ஆக்ஷன்’ என்று அவர்கள் சொல்லும் இதனை நாம் இங்கே ‘குழு வழக்கு’ என்று அழைப்போம். ஆனால் ‘நான் எல்லோருக்காகவும் வந்திருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதாது. இதைக் குழு வழக்காக நடத்தலாம் என்று நீதிபதி அங்கீகரிக்க வேண்டும். அந்த அங்கீகாரத்தைப் பின்னர் ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இந்த அங்கீகாரம் எப்படிக் கிடைக்கிறது, எப்படிப் பறிபோகிறது என்பதை, அமெரிக்க வணிகர்களே நடத்திய ஒரு பெரிய வழக்கைக் கொண்டு பார்ப்போம்.

1996ல் தொடங்கிய வழக்கு

1996ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றத்தில், விசா, மாஸ்டர்கார்டு ஆகிய இரு நிறுவனங்கள் மீது வணிகர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வால்மார்ட், சியர்ஸ், சேஃப்வே போன்ற பெரிய நிறுவனங்களும், உணவுப் பொருள் வணிகத்துக்கான ஃபுட் மார்க்கெட்டிங் இன்ஸ்டிட்யூட் போன்ற சங்கங்களும் முன்னின்றன.

அவர்களுடைய புகாரைப் புரிந்துகொள்ள நம் ஊர் அனுபவமே போதும். ஓடுகிற சரக்கு வேண்டுமானால் ஓடாத சரக்கையும் சேர்த்து எடுத்தாக வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். விசாவும் மாஸ்டர்கார்டும் அதையே செய்கின்றன என்பதுதான் புகார். அவர்களுடைய கிரெடிட் கார்டை ஏற்கும் கடை, அவர்களுடைய பெயர் தாங்கிய டெபிட் கார்டையும் கட்டாயம் ஏற்க வேண்டும் என்பது விதி. கையெழுத்துப் போட்டு வாங்கும் அந்த டெபிட் கார்டுக்கு விதித்த கட்டணம், ரகசிய எண்ணை அழுத்தும் மற்ற டெபிட் கார்டுகளின் கட்டணத்தைவிட மிக அதிகம். கிரெடிட் கார்டை வேண்டாம் என்று சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே இரண்டையும் ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை.

வழக்கு முன்னின்றவர்களுக்காக மட்டும் தொடுக்கப்படவில்லை. அந்தக் கார்டுகளை ஏற்ற நாடு முழுவதிலுமுள்ள சுமார் 40 லட்சம் வணிகர்களுக்காகத் தொடுக்கப்பட்டது. தெருமுனைப் பெட்டிக்கடை முதல் வால்மார்ட் வரை எல்லாம் ஒரே குழு. இதை அனுமதிக்கலாமா என்பதுதான் நீதிமன்றத்தின் முன் நின்ற முதல் கேள்வி.

அனுமதி எதற்கு?

அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளில் 23ஆம் விதி இதனை வகுக்கிறது. 1938ல் வந்த இவ்விதி 1966ல் திருத்தப்பட்டு இன்றைய உருவத்தைப் பெற்றது.

சாதாரண வழக்கில் யார் கோர்ட்டுக்கு வந்தார்களோ அவர்களைத்தான் தீர்ப்பு கட்டுப்படுத்தும். குழு வழக்கிலோ கோர்ட் வாசலையே மிதிக்காதவரையும் கட்டுப்படுத்தும். ஜெயித்தால் அவருக்கும் பங்கு உண்டு. தோற்றால் அவருடைய உரிமையும் போய்விடும். பிறகு அவர் தனியாக வந்து கேட்க முடியாது. வராதவருடைய சொத்தை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதற்கு இது சமம். எனவேதான் நீதிபதி வராதவர்களின் காவலராக இருந்து சில கேள்விகளைக் கேட்கிறார். கீழே வரும் எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படைக் காரணம் இதுதான் என்பதை வாசகர்கள் மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

எதிர்த் தரப்புக்கும் இது வாழ்வா சாவா என்ற கட்டம். குழு அங்கீகாரம் கிடைத்துவிட்டால் ஒரே நாளில் லட்சக்கணக்கானோரின் கோரிக்கை எதிரே வந்து நிற்கும். பெரும்பாலும் சமரசப் பேச்சு அதன்பின் தொடங்கும். கிடைக்காவிட்டால் முன்னின்ற ஓரிருவரின் சிறு தொகைதான் மிச்சம். வழக்கு தானே ஓய்ந்துவிடும். ஆகவே யார் பக்கம் நியாயம் என்ற விசாரணையைவிட இந்த அங்கீகார விசாரணையில்தான் இரு தரப்பும் அதிக வேகத்துடன் மோதுவதைக் காண்கிறோம்.

முதல் நான்கு கேள்விகள்

முதல் கேள்வி எண்ணிக்கை பற்றியது. எல்லோரையும் தனித்தனியாகக் கட்சிக்காரர்களாகச் சேர்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாத அளவுக்கு அவர்கள் அதிகம் பேராக இருக்க வேண்டும். விதியில் எண் எதுவும் குறிக்கப்படவில்லை. நாற்பது பேர் இருந்தால் பொதுவாகப் போதும் என்று நியூயார்க் பகுதியின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1995ல் கூறியது.

இரண்டாவது, எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்றாவது உண்டா என்பது. பெயரளவில் பொதுவாக இருந்தால் போதாது. அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் ஒரே விடை எல்லோருடைய வழக்கையும் ஒருங்கே நகர்த்த வேண்டும். 2011ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வால்மார்ட் வழக்கில் இதை வலியுறுத்தியது. டெபிட் கார்டு வழக்கில் குழுவுக்காக முன்னின்ற அதே வால்மார்ட் இம்முறை எதிர்த் தரப்பு. சம்பளத்திலும் பதவி உயர்விலும் பெண் ஊழியர்களுக்குப் பாரபட்சம் காட்டப்பட்டது என்று சுமார் 15 லட்சம் பெண்களுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு அது. ஆனால் சம்பளத்தையும் பதவி உயர்வையும் அந்தந்தக் கடையின் மேலாளர்களே தம் விருப்பப்படி முடிவு செய்து வந்தார்கள். எல்லோரையும் ஒரே கொள்கை பாதித்தது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் முடிவு செய்து குழு அங்கீகாரத்தை நீக்கினார்கள். பாரபட்சம் நடந்ததா இல்லையா என்று அவர்கள் தீர்ப்புக் கூறவில்லை. ஒரே வழக்காக நடத்த முடியாது என்றுதான் சொன்னார்கள்.

மூன்றாவது, முன்னிற்பவரின் புகார் மற்றவர்களுடைய புகாரின் மாதிரியாக இருக்கிறதா என்பது. அரிசி மண்டியில் மூட்டையில் கம்பி விட்டு எடுக்கும் சாம்பிள் போல, அந்த ஒரு பிடி அரிசி மூட்டை முழுவதையும் காட்ட வேண்டும். முன்னிற்பவருக்கு மட்டும் தனியாக ஏதோ தகராறு இருந்தால் அவர் நல்ல மாதிரி ஆகமாட்டார்.

நான்காவது, முன்னிற்பவரும் அவருடைய வக்கீலும் வராதவர்களின் நலனை நாணயமாகவும் திறமையாகவும் காப்பார்களா என்பது. அவர்களுடைய நலனும் மற்றவர்களுடைய நலனும் எங்காவது முட்டிக்கொள்கிறதா என்று நீதிபதி பார்க்கிறார். எளிதாகத் தோன்றும் இந்த நான்காவது கேள்விதான் பின்னால் கார்டு வழக்கில் 725 கோடி டாலர் சமரசத்தையே கவிழ்த்தது.

பணம் கேட்டால் இன்னும் இரண்டு

நஷ்ட ஈடு கேட்கும் குழு வழக்கில் பொதுவாக மேலும் இரண்டு கேள்விகள் உண்டு. பொதுவான பிரச்சினைகள் தனித்தனிப் பிரச்சினைகளைவிட மேலோங்கி நிற்கின்றனவா? தகராற்றைத் தீர்க்க மற்ற வழிகளைவிடக் குழு வழக்கே மேலான வழியா? இந்த வகை வழக்கில் எல்லோருக்கும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ‘எனக்கு இந்த வழக்கு வேண்டாம், நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று விலகிக்கொள்ளும் உரிமையும் ஒவ்வொருவருக்கும் உண்டு. பேசாமல் இருப்பவர் குழுவுக்குள் இருப்பதாகவே கொள்ளப்படுவார்.

டெபிட் கார்டு வழக்கில் போராட்டம் இந்த ஐந்தாவது கேள்வியில்தான் நடந்தது. ஒவ்வொரு கடையின் விற்பனையும் வேறு, பட்ட நஷ்டமும் வேறு. நாற்பது லட்சம் கணக்குப் புத்தகங்களை ஒரு கோர்ட் எப்படிப் புரட்டும் என்று கார்டு நிறுவனங்கள் கேட்டன. வணிகர் தரப்போ, விதி ஒன்று, அது எல்லாக் கடைகளுக்கும் ஒரே மாதிரி பொருந்தியது, அது சட்டவிரோதமா என்ற கேள்விக்கு விடையும் ஒன்றுதான் என்று வாதிட்டது.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாவட்ட நீதிபதி ஜான் க்ளீசன் குழுவை அங்கீகரித்தார். கார்டு நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2001 அக்டோபரில் மூவர் கொண்ட அமர்வு, இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அங்கீகாரத்தை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டோமேயர். பின்னாளில், 2009ல், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். நஷ்டம் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதற்காக மட்டும் குழுவை மறுக்க வேண்டியதில்லை என்றது அத்தீர்ப்பு. அதற்கு நீதிபதியின் கையில் பல வழிகள் இருக்கின்றன: தவறு நடந்ததா என்பதை முதலில் விசாரித்து, நஷ்டக் கணக்கைப் பிறகு பார்க்கலாம், கணக்கைப் பார்க்கத் தனி அலுவலரை நியமிக்கலாம், குழுவைச் சிறு குழுக்களாகப் பிரிக்கலாம், தவறு நிரூபணமான பிறகு குழுவைக் கலைத்து, ஒவ்வொருவரும் தம் நஷ்டத்தை எப்படி நிரூபிப்பது என்று அறிவிப்புக் கொடுக்கலாம். உடன்படாத மூன்றாவது நீதிபதி டென்னிஸ் ஜேக்கப்ஸ். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2003 ஏப்ரலில், விசாரணை தொடங்கும் தறுவாயில், விசாவும் மாஸ்டர்கார்டும் சமரசத்துக்கு வந்தன. தொகை சுமார் 305 கோடி டாலர். கிரெடிட் கார்டோடு டெபிட் கார்டைக் கட்டிய விதியும் 2004 ஜனவரி 1 முதல் நீங்கியது. வக்கீல்கள் சுமார் 61 கோடி டாலர் கட்டணம் கேட்டார்கள். நீதிமன்றம் 22 கோடிதான் அனுமதித்தது. சமரசத் தொகையையும் வக்கீல் கட்டணத்தையும் நீதிபதி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது வராதவர்களுக்கான இன்னொரு பாதுகாப்பு.

நஷ்டக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறலாம் என்பதால், எப்படி வேண்டுமானாலும் கணக்குப் போடலாம் என்று பொருளில்லை. 2013ல் காம்காஸ்ட் என்ற கேபிள் டிவி நிறுவனத்தின் வழக்கில், ஃபிலடெல்ஃபியா பகுதியின் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களுக்காகக் கொடுத்த அங்கீகாரத்தை உச்ச நீதிமன்றம் நீக்கியது. வழக்குத் தொடுத்தவர்கள் நான்கு விதமான தவறுகளைக் கூறியிருந்தார்கள். அவற்றில் ஒன்றைத்தான் கீழ்க்கோர்ட் குழுவாக விசாரிக்க ஏற்றது. ஆனால் அவர்களுடைய நிபுணர் போட்ட நஷ்டக் கணக்கோ நான்குக்கும் சேர்த்துப் போட்டது. ஏற்ற ஒன்றால் வந்த நஷ்டம் எவ்வளவு என்று அதில் பிரிக்கப்படவில்லை. நாலு சரக்குக்கு ஆர்டர் கொடுத்து ஒன்றுதான் வந்து இறங்கியது. பில் மட்டும் நாலுக்கும் சேர்த்து ஒரே தொகையாக இருந்தால் எந்தக் கடைக்காரர் ஒப்புக்கொள்வார்?

இரு தரப்புக்கு ஒரே வக்கீல்

இனி கார்டு வழக்கின் இரண்டாம் பாகம். டெபிட் கார்டு முடிந்த பிறகும் கார்டுக் கட்டணம் பற்றிய மனக்குறை தீரவில்லை. 2005ல் அதே புரூக்ளின் நீதிமன்றத்தில் வணிகர்கள் மீண்டும் வழக்குகள் தொடுத்தார்கள். 2012ல் சமரசம் உருவானது. 2013 டிசம்பரில் நீதிபதி க்ளீசன் அதற்கு ஒப்புதல் அளித்தார். தொகை 725 கோடி டாலர் வரை. வக்கீல்களுக்குச் சுமார் 54 கோடி டாலர்.

இதில் வணிகர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். 2004 முதல் 2012 நவம்பர் வரை கார்டு ஏற்றவர்கள் முதல் குழு. அவர்களுக்குப் பணம் கிடைக்கும். விலகும் உரிமையும் உண்டு. அதன்பின் கார்டு ஏற்பவர்கள், இனிமேல் கடை திறக்கப்போகிறவர்கள் உட்பட, இரண்டாம் குழு. அவர்களுக்குப் பணம் இல்லை. சில விதிமுறை மாற்றங்கள் மட்டும், அதுவும் 2021 ஜூலை வரை. விலகும் உரிமையும் இல்லை. இதற்கு ஈடாக, கார்டு விதிகள் குறித்து இனிப் பெரும்பாலும் வழக்குத் தொடுக்கும் உரிமையே அவர்களுக்குப் போய்விடும். முக்கியமான மாற்றம், கார்டு கொடுப்பவரிடம் கூடுதல் கட்டணம் வசூலிக்க வணிகரை அனுமதித்தது. ஆனால் சில மாநிலங்களின் சட்டம் அப்படி வசூலிப்பதையே தடை செய்திருந்தது. அந்த மாநில வணிகர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இரண்டு குழுக்களுக்காகவும் பேசியவர்கள் ஒரே வக்கீல்கள். 2016 ஜூன் 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் குழு அங்கீகாரத்தையும் சமரசத்தையும் ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர், 2001ல் உடன்படாதிருந்த அதே நீதிபதி ஜேக்கப்ஸ்.

காரணத்தை நம் தொழில் வழக்கத்தைக் கொண்டே சொல்லலாம். ஒரு கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி விலகிப் போகிறார். மற்றவர் கடையைத் தொடர்ந்து நடத்தப் போகிறார். விலகுகிறவருக்குக் கையில் எவ்வளவு ரொக்கம் என்பதே கவலை. நடத்தப்போகிறவருக்குக் கடையின் பெயரும் நாளைய வியாபாரமும் கவலை. இருவருக்கும் ஒரே கணக்குப்பிள்ளை பேசி முடித்தால், அதிலும் அவருடைய கூலி ரொக்கத்தின் அளவைப் பொறுத்து அமைந்தால், அவர் யார் பக்கம் சாய்வார்? முதல் குழுவுக்கு அதிகப் பணம் வாங்குவதற்காக இரண்டாம் குழுவின் நாளைய உரிமையை விட்டுக்கொடுக்கும் தூண்டுதல் அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது என்று நீதிமன்றம் கண்டது. வக்கீல்கள் கெட்ட எண்ணத்தோடு நடந்தார்கள் என்று தீர்ப்பு சொல்லவில்லை. இரு குழுக்களுக்கும் தனித்தனி வக்கீல் இருந்திருக்க வேண்டும் என்பதே சாரம்.

அதன்பின் தனித்தனி வக்கீல்கள் நியமிக்கப்பட்டார்கள். பணம் கேட்ட குழுவுக்குச் சுமார் 554 கோடி டாலர் சமரசம் 2019 டிசம்பரில் ஒப்புதல் பெற்று, 2023 மார்ச்சில் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. விதிமுறை மாற்றம் கேட்ட குழு 2021 செப்டம்பரில் தனியாக அங்கீகாரம் பெற்றது. அவர்களுக்காக 2024ல் முன்வைக்கப்பட்ட சமரசத்தை, அது போதாது என்று கருதி, நீதிபதி மார்கோ ப்ரோடி அவ்வாண்டு ஜூனில் ஏற்க மறுத்தார். 2005ல் தொடங்கிய வழக்கு எத்தனை நீளம் போயிற்று என்பதை இதிலிருந்து உணரலாம்.

கிடைத்த அங்கீகாரம் பறிபோவது

குழு அங்கீகாரம் நிரந்தரப் பட்டா அன்று. இறுதித் தீர்ப்பு வரும் வரை அதை மாற்றவோ நீக்கவோ நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று 23ஆம் விதியே சொல்கிறது. பொதுவானது என்று நினைத்த பிரச்சினை சாட்சியம் வந்தபின் தனித்தனியானது என்று தெரியலாம். முன்னின்றவர் நடுவில் தனியாகச் சமரசம் செய்துகொண்டு ஒதுங்கலாம். மேல் கோர்ட் புதிய தீர்ப்புக் கூறலாம். இப்படிப்பட்ட நிலைகளில் எதிர்த் தரப்பு குழுவைக் கலைக்கக் கோரும்.

மாநில நீதிமன்றங்களிலும் இதே முறைதான். இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் ஃப்ளோரிடா மாநிலத்தின் சிகரெட் வழக்கு. புகைபிடித்து நோயுற்றவர்களுக்காகச் சிகரெட் கம்பெனிகள் மீது 1994ல் தொடுத்த குழு வழக்கில், 2000ல் ஜூரிகள் 14,500 கோடி டாலர் தண்டத்தொகை விதித்தார்கள். 2006ல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் அந்தத் தொகை செல்லாது என்றதோடு, மேற்கொண்டு குழுவாக நடத்த முடியாது என்று குழுவையும் கலைத்தது. யார் எத்தனை ஆண்டு புகைத்தார், எதனால் நோய் வந்தது என்பவை ஆளுக்கு ஆள் மாறும் என்பது காரணம். ஆனால் முதல் கட்டத்தில் பொதுவாக முடிவான சில விஷயங்களை அது காப்பாற்றிக் கொடுத்தது: சிகரெட் பல நோய்களை உண்டாக்குகிறது, நிகோடின் அடிமையாக்கும் என்பன போன்றவை. குழுவில் இருந்தவர்கள் ஓராண்டுக்குள் தனித்தனியாக வழக்குப் போட்டு அந்த முடிவுகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது. ஆயிரக்கணக்கானோர் அப்படியே செய்தார்கள். கெடுவுக்குள் வராதவர்கள் அந்தச் சலுகையை இழந்தார்கள்.

இங்கே காலக்கெடு பற்றி ஒரு சொல். குழு வழக்கு நடக்கும் காலத்தில் குழுவினரின் தனி வழக்குக்கான கெடு ஓடாமல் நிற்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974ல் தீர்ப்பளித்தது. அங்கீகாரம் மறுக்கப்பட்டால் அந்தக் கடிகாரம் மறுபடியும் ஓடத் தொடங்கிவிடும். ‘நமக்காக யாரோ வழக்கு நடத்துகிறார்கள்’ என்று செய்தியே பார்க்காமல் இருப்பவர் இங்கேதான் ஏமாந்து போகிறார்.

நம் நாட்டில் எப்படி?

நம் சிவில் நடைமுறைச் சட்டம் 1908, கட்டளை 1, விதி 8 இதற்கு இணையானது. ஒரே நலன் கொண்ட பலருக்காக ஒருவரோ சிலரோ நீதிமன்ற அனுமதியுடன் வழக்கு நடத்தலாம். மற்றவர்களுக்கு நேரிலோ பத்திரிகை விளம்பரம் மூலமோ அறிவிப்புத் தர வேண்டும். செலவு வழக்குத் தொடுத்தவருடையது. விரும்புகிறவர் தம்மையும் கட்சிக்காரராகச் சேர்க்கக் கேட்கலாம். அறிவிப்பில்லாமல் சமரசமோ வாபஸோ கூடாது. தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

‘ஒரே நலன்’ என்றால் என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கே முன்னுதாரணம். சென்னை அசோக் நகரில் ஒதுக்கீடு பெற்றவர்களிடம் வீட்டு வசதி வாரியம் பல ஆண்டுகள் கழித்துக் கூடுதல் விலை கேட்டது. ஒருவர் எல்லோருக்காகவும் வழக்குத் தொடுத்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோட்டீஸ் போயிருப்பதால் தனித்தனியாகத்தான் வழக்குப் போட வேண்டும் என்றது வாரியம். ஒரே வழக்காக நடத்தலாம் என்று 1990ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நலன் ஒன்றாக இருந்தால் போதும், வழக்கின் மூலகாரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது 1976 திருத்தத்திலேயே தெளிவாக்கப்பட்டது.

ஆனால் ஒரே நலன் என்பதை விவரமாக எடுத்துக்காட்ட வேண்டும். 1,134 வீடுகள் கொண்ட ஒரு பெங்களூர்க் குடியிருப்பில், வாங்கியவர்களில் 91 பேர் எல்லோருக்காகவும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கும் அதே நலன் உண்டு என்பதைப் புகாரில் காட்டவில்லை என்று 2021ல் உச்ச நீதிமன்றம் அதைக் குழுப் புகாராக ஏற்கவில்லை. அந்த 91 பேரின் கூட்டுப் புகாராக மட்டும் நடத்த அனுமதித்தது.

விற்பனைக்காகச் சரக்கு வாங்கும் வணிகர் பொதுவாக ‘நுகர்வோர்’ ஆகமாட்டார் என்பதால் நுகர்வோர் ஆணையம் நமக்குப் பெரும்பாலும் உதவாது. ஆனால் போட்டிச் சட்டம் 2002ன்படி வணிகர் சங்கமே போட்டி ஆணையத்திடம் தகவல் மனு கொடுக்கலாம். ஒரு சரக்கோடு இன்னொன்றைக் கட்டாயமாகக் கட்டி விற்பது போட்டியைக் கணிசமாகக் கெடுத்தால் அதுவும் இச்சட்டத்துக்குள் வரும். சட்டமீறல் முடிவான பிறகு, ஒரே நலன் கொண்ட பலருக்காகத் தீர்ப்பாயத்தின் அனுமதியுடன் நஷ்ட ஈடு கேட்க 53என் பிரிவு வழி செய்கிறது.

அமெரிக்க வக்கீல் ஜெயித்த தொகையில் பங்கு பெறலாம். ஆகவே தம் செலவில் வழக்கை எடுக்கத் துணிகிறார். நம் நாட்டில் வழக்கறிஞர்கள் அப்படிப் பங்கு பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. எனவே இங்கே முதல் செலவைத் தாங்கத் தகுந்த இடம் பெரும்பாலும் வணிகர் சங்கமே.

சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

சங்கத்தின் பேரால் பொது வழக்குப் போட நினைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, எல்லோரையும் ஒரே விதி, ஒரே சுற்றறிக்கை, ஒரே ஒப்பந்தம் பாதித்ததா என்பதை. அந்த ஒரு காகிதம் கையில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு ஆள் வாய்மொழியாகச் சொன்னது என்றால் வால்மார்ட் பெண் ஊழியர்களின் வழக்குக்கு நேர்ந்த கதிதான் ஏற்படும்.

அடுத்து, மொத்த வியாபாரிக்கும் சில்லறைக் கடைக்கும், கடையை மூடியவருக்கும் நடத்துகிறவருக்கும் நலன் ஒன்றுதானா என்று நிர்வாகிகள் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும். வேறு வேறு என்றால் தொடக்கத்திலேயே தனித்தனி வக்கீல் வைப்பது நல்லது. அதைப் பின்னால் நீதிமன்றம் சுட்டிக்காட்டினால் ஆண்டுகள் வீணாகும்.

உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் பில், வங்கிக் கணக்கு, கட்டணம் பிடித்த விவரம் ஆகியவற்றை ஆண்டுவாரியாகக் கட்டி வைக்க வேண்டும். குழு கலைந்து தனியாக நிற்க நேர்ந்தால் அந்தக் கட்டுதான் சாட்சி. பொது வழக்கு பற்றிப் பத்திரிகையில் வரும் அறிவிப்பைப் படித்து, கடைசி நாள் எது என்று கடை நாட்காட்டியில் குறித்துவைப்பதும் அவசியம். அறிவிப்பு புரியாவிட்டால் கெடு முடியுமுன் சங்க அலுவலகத்துக்கு எடுத்து வந்து கேட்பதில் தவறில்லை.